பிரித்துப் போட்ட இன்ஜின்

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று போனில் நீ பேசிய பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதை முடித்து வைக்கிறாய், அதுவும் நான் நினைக்காத விதத்தில். நேற்றும் அதுதான் நடந்தது. அதனால் உன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டேன். இனிமேல் எதுவானாலும் எழுது. எழுதுகிறவளுக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது பார்.

நடந்ததை முழுசாகக் கேள். திங்கட்கிழமை காலையில் டீச்சரம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். வாரத்தில் மூன்று நாள் என் வேனில் வருகிறாரே, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளை இறக்கிவிடுகிற சரிவுப் பாதையில் ஏறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்பக்கமிருந்து புகை. வாசலில் நின்ற காவலாளி, ஏதோ நான் வேண்டுமென்றே அங்கே நிறுத்தியது மாதிரி, "எடுங்க, எடுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வழி" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "எடுக்க முடிஞ்சா நான் ஏன்பா இங்க நிக்கிறேன்?" என்றேன். டீச்சரம்மாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத நாலு பேரைக் கெஞ்சி வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினேன். சாயங்காலம் கயிறு கட்டி இழுத்துப் பட்டறையில் விட்டாயிற்று.

வயசான இன்ஜின், நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன். சொல்லி முடிப்பதற்குள் "வித்துடறேன், நீ பேசாம இரு" என்றாயே, எந்தத் தைரியத்தில் சொன்னாய்? பதினொரு வருஷமாக அந்த வண்டியின் சீட்டில் உட்கார்ந்து முதுகு வலி வாங்கியவள் நான். பேசாமல் இருக்கச் சொல்ல நீ யார்?

ரிப்பேர் செய்யப் போகிறேன். பட்டறைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன், உன் சம்மதம் கேட்டு அல்ல.

அக்கா


மார்ச் 9

அக்கா,

தம்பியின் நம்பரைத் தடுத்துவிட்டு "எழுது" என்று கட்டளை போடுகிற அக்கா எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள். தபால் நிலையத்தில் உறையும் தபால்தலையும் கேட்டபோது, கவுண்டரில் இருந்தவர் "கோர்ட்டு விஷயமா சார்?" என்றார். "இல்ல, குடும்ப விஷயம்" என்றேன். "அப்ப பதிவுத் தபால்லயே அனுப்புங்க" என்றார். என் நிலைமை அப்படி இருக்கிறது.

இதை வேலை நேரத்தில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் இப்போது உன் கட்சிக்குப் போய்விட்ட என் வீட்டுக்காரி தோளுக்கு மேல் நின்று படிக்கிறாள்.

கோபப்படாமல் கேள். போன வருஷம் கியர்பாக்ஸ் போயிற்று. அதற்கு முன்னால் கிளட்ச். அதற்கும் முன்னால் கதவு கழன்று உன் கையோடு வந்தது. அந்த வண்டியில் இன்னும் மாற்றாமல் இருப்பது ஹாரன் ஒன்றுதான். இப்போது இன்ஜினும் போயிற்று. இன்ஜின் போன பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று ரிப்பேர் செய்கிறாய்? பழைய இன்ஜினைத் திறந்தால் ஒன்றைத் தொட ஒன்று வரும். நானும் மிஷினோடு மாரடிக்கிறவன்தான். பத்து மாடி லிஃப்டைத் தினமும் பார்க்கிறேன். எதைச் சரி செய்யலாம், எதைக் கைகழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த பழைய வண்டி வியாபாரி ஒருவர் இருக்கிறார். இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வார். ஒரு கையெழுத்தோடு தலைவலி தீரும்.

நீ இங்கே வந்துவிடு. பின்பக்கத்து அறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குத் திரை கூடப் போட்டாயிற்று. இவளுக்கு ஏழாவது மாதம். பெரியவனைப் பார்ப்பாளா, தன்னைப் பார்ப்பாளா? நீ இருந்தால் எங்களுக்கும் பலம், உனக்கும் ஓய்வு. எத்தனை நாளைக்குத்தான் விடியுமுன் எழுந்து அடுத்தவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பாய்?

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

ஓய்வா? அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பதா, உன் கடிதத்தைக் கிழிப்பதா என்று தெரியவில்லை. கைக்குழந்தை ஒன்று, நான்கு வயதுப் பையன் ஒன்று, பிரசவித்த பெண் ஒருத்தி, சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத நீ ஒருத்தன். இத்தனை பேரைக் கவனித்துக்கொள்வதற்கு உங்கள் ஊரில் ஓய்வு என்று பெயரா? ஆள் வேண்டும் என்று நேராகக் கேள். அதை விட்டுவிட்டு, என் முதுகு மேல் அக்கறை இருப்பது மாதிரி பூசி மெழுகாதே. எனக்கு நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. நான் ஓய்வு கேட்டேனா?

ஜன்னலுக்குத் திரை போட்டாயாம். நான் வருகிறேன் என்று உன்னிடம் யார் சொன்னது? இன்ஜின் போனது ஒன்றாம் தேதி. நீ சுண்ணாம்பு அடித்தது எப்போது? அதை யோசித்துப் பார். என் வண்டி எப்போது நிற்கும் என்று தூரிகையை நனைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாயா?

லிஃப்டைப் பற்றிப் பெருமை அடிக்காதே. உன் லிஃப்ட் மேலே போகும், கீழே வரும். அதற்கு முன்னால் நாய் குறுக்கே ஓடுமா? பின்னாலிருந்து லாரி ஹாரன் அடிக்குமா? உள்ளே இருப்பவர் "கொஞ்சம் ஓரமா நிறுத்தும்மா, வாந்தி வருது" என்பாரா?

இப்போது இங்கே நிலைமை என்ன தெரியுமா? டீச்சரம்மா வாடகைக் காரில் போகிறார். அந்த டிரைவர் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டு, "அந்தப் பக்கம் திரும்பினா சுத்திக்கிட்டு வரணும், நீங்களே கடந்து போயிடுங்க" என்கிறானாம். ஊன்றுகோலோடு அந்த ரோட்டை ஒரு எழுபது வயதுக்காரர் கடக்க வேண்டும். என் வண்டியில் வரும் மற்ற நோயாளிகளில் இரண்டு பேரை அவர்களுடைய பிள்ளைகள் லீவு போட்டு அழைத்துப் போகிறார்கள். லீவு எத்தனை நாளைக்கு வரும்? தினமும் என்னைக் கூப்பிட்டு, "வண்டி ரெடியாம்மா?" என்று கேட்கிறார்கள். நீ வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

வண்டி உன் பெயரில் இருக்கிறது, தெரியும். கடன் கொடுத்தவன் மாதச் சம்பளக்காரன் கையெழுத்துத்தான் வேண்டும் என்றான், எனக்குச் சம்பள ரசீது இல்லை, உனக்கு இருந்தது. கதை அவ்வளவுதான். தவணை முழுவதையும் கட்டி முடித்தது யார் என்று உனக்கும் தெரியும், கடன் கொடுத்தவனுக்கும் தெரியும்.

அக்கா


மார்ச் 20

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் எழுதாமல் விட்டதை டீச்சரம்மா போனில் சொன்னார். ஆமாம், உங்கள் டீச்சரம்மாவேதான். வண்டியில் அவசரத்துக்கு என்று என் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அதை முன்பே குறித்து வைத்திருந்தாராம், கூப்பிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை.

"உங்க அக்கா நல்லவதான்ப்பா, ஆனா காது மட்டும் கிடையாது. பாதி வழியிலயே ஏதோ கருகுற வாடை வந்துச்சு. மீட்டர் மேல துணி போட்டு மூடி வெச்சிருக்காளா, நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். முள்ளு சிவப்புல போய் முட்டிக்கிட்டு நிக்குது. 'அம்மா, இது சிவப்புல இருக்கு, நிறுத்தும்மா'ன்னேன். 'துணியை இறக்குங்க டீச்சர், அதைப் பார்த்தா உங்களுக்கு பிரஷர் ஏறும்'ன்னா. ரெண்டாவது தடவை சொன்னேன். 'பேசாம உக்காருங்க'ன்னா. முப்பத்தஞ்சு வருஷம் கிளாஸ் எடுத்தவ நான். என்னை யாரும் பேசாம உக்காருங்கன்னு சொன்னதில்ல."

அக்கா! வெப்பம் காட்டும் முள்ளின் மேல் துணி போட்டு மூடிய டிரைவர் இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு யாராவது உண்டா? அந்த முள்ளை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அழகுக்கா? பட்டறைக்காரரைக் கேட்டேன், தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது. அங்கேயே ஓரங்கட்டி நிறுத்தியிருந்தால் அந்தக் குழாயை மட்டும் மாற்றிவிட்டு மறுநாள் ஓட்டியிருக்கலாம். தண்ணீரே இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டி, இன்ஜினை உள்ளுக்குள்ளேயே வேக வைத்திருக்கிறீர்கள். அதை என்னிடம் "வயசான இன்ஜின், நின்றுவிட்டது" என்று எழுதுகிறீர்கள். யாரிடம் காது குத்துகிறீர்கள்?

போகிற வழியில் அது தீப்பிடித்திருந்தால்? பிரேக் பிடிக்காமல் போயிருந்தால்? உள்ளே ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத ஒரு மனுஷி. கதவைத் திறந்து அவரை இறக்குவதற்குள் என்ன ஆகியிருக்கும்?

இனி உங்களோடு வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை. வியாபாரியிடம் பட்டறை விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். இந்த வாரம் வந்து வண்டியைப் பார்ப்பார்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

உனக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை வரும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பத்து வயதில் உன் சைக்கிளை நான் பூட்டி வைத்தபோதும் "நீங்கள் யார் கேட்க" என்றுதான் கத்தினாய். ஆகவே "நீங்கள்" என்று எழுதி என்னை மிரட்டலாம் என்று நினைக்காதே.

ஆமாம், துணி போட்டு மூடினேன். எதற்கு என்று கேட்டாயா? முன் சீட்டில் உட்காருகிறவர்களுக்குக் கண் ரோட்டில் இருக்காது, மீட்டரில்தான் இருக்கும். எந்த விளக்கு எரிந்தாலும் "அது என்ன, அது என்ன" என்று என் கையைப் பிடிப்பார்கள். போன வருஷம் பெட்ரோல் விளக்கைப் பார்த்து ஒருவர் பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, அன்றைக்கு அவரை மிஷினில் போடவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் அவரைத் திட்டவில்லை, என்னைத் திட்டினாள். அன்றிலிருந்து மூடி வைக்கிறேன். வண்டி ஓட்டுகிறவளுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

டீச்சரம்மா நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை. அதுவும் உண்மைதான். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் வெயிலில், நிழல் இல்லாத ரோட்டில், வேறு வண்டி வரும்வரை அவரை உட்கார வைத்திருக்க வேண்டும். அவருக்கு ஒதுக்கிய நேரம் தப்பினால் மிஷின் வேறு ஒருவருக்குப் போய்விடும். அதற்கு முந்தின தடவையே காய்ச்சலால் அவர் போகவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. இன்ஜினா டீச்சரா என்று வந்தால் நான் இன்ஜினைத்தான் விடுவேன். நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் அதைத்தான் செய்வேன். இதை அவரிடம் சொன்னதற்கு, "நான் ஒரு நாள் தப்பினா செத்துட மாட்டேன்மா, உன் பிடிவாதத்துக்கு என்னைக் காரணம் காட்டாத" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். சொல்லட்டும். உயிரோடு இருப்பதால்தானே சொல்கிறார்.

இனி உன் வியாபாரி விஷயம். நேற்று வந்தார். எனக்கு வணக்கம் கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினார். அப்புறம் பட்டறைக்காரரிடம், "ஓனர் வரலையா?" என்று கேட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் சாவியோடு. பட்டறைக்காரர் என்னைக் காட்டினார். உன் ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இல்ல, ஓனர்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் பட்டறைக்காரரிடம், "இன்ஜினை இறக்கிப் பிரிங்க" என்றேன்.

"பிரிச்சா திரும்ப மாட்ட நாளாகும்மா."

"ஆகட்டும்."

"நெசமாவே ரிப்பேர் பண்ணப் போறீங்களா?"

"பிரிங்கன்னா பிரிங்க."

இப்போது இன்ஜின் வண்டியில் இல்லை. ஒரு பலகையில் கொஞ்சம், எண்ணெய்த் தட்டில் கொஞ்சம், கோணியில் சுற்றிக் கொஞ்சம் கிடக்கிறது. ஓடாத வண்டியை வாங்க ஆள் உண்டு. உடம்பு ஒரு மூலையிலும் குடல் ஒரு மூலையிலுமாகக் கிடக்கும் வண்டியை எவன் வந்து இழுத்துப் போவான் என்று நானும் பார்க்கிறேன். உன் வியாபாரியிடம் சொல், உதைத்துப் பார்க்க டயர் மட்டும் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். வந்தது தெரிவதற்குள் போய்விட்டாய். இத்தனை தூரம் வந்தவன், பட்டறைக்கு வந்தாய், என் அறைக்கு வரவில்லை.

அன்று நடந்ததை நீ மறந்திருக்கலாம், அதனால் எழுதி வைக்கிறேன். பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் நின்று, "வண்டி என் பேர்ல இருக்கு. என் வண்டியை என்னைக் கேக்காம பிரிக்க இவங்க யாரு?" என்று கத்தினாய். இவங்க யாரு! அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, பட்டறைக்காரரைப் பார்த்துக் கேட்டாய். அவர் பாவம், கையில் ஸ்பானரோடு தரையைப் பார்த்தார். டயருக்குக் காற்றடிக்க வந்த முன்பின் தெரியாத ஆள் ஒருவர், "விடுங்கம்மா, பேப்பர்ல யார் பேர் இருக்கோ அவங்க பேச்சுத்தான் செல்லும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

பதினொரு வருஷமாக அந்தத் தெருவில் எல்லோரும் அதை "அக்கா வண்டி" என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் அதை இல்லை என்று ஆக்கிவிட்டுப் போனாய். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன், பார்த்தாயா? பதில் இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. உன் முன்னால் அழமாட்டேன்.

விற்றுக்கொள். பட்டறைக்காரரிடம், நீ யாரை அனுப்பினாலும் கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். நீ மட்டும் குறுக்கே யாரும் பேசாமல் பக்கம் பக்கமாக எழுதுவாய், நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

பட்டறையில் கத்தியது தப்புத்தான். அதை நானே சொல்ல வேண்டியதில்லை, வந்த இரண்டு நாளும் வீட்டில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அதற்கப்புறம் ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை. பையன் நடுவில் நின்று, "அம்மா உப்பு வேணுமான்னு கேக்கச் சொன்னா" என்று தகவல் கொண்டு வருகிறான்.

ஆனால் என் பக்கத்தையும் நீ ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அந்த வண்டி என் பெயரில் இருப்பதால் எனக்கு என்ன சுகம் என்று நினைக்கிறாய்? சிக்னலைத் தாண்டினாய் என்று நோட்டீஸ் வந்தால் எனக்கு வரும். தவறான இடத்தில் நிறுத்தினாய் என்று வந்தால் எனக்கு வரும். அதெல்லாம் போகட்டும். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எனக்கு உன் நினைப்புத்தான் வருகிறது. ஏனென்றால் உனக்கு ரோட்டில் ஏதாவது ஆனால் வண்டி எண்ணைப் பார்த்து முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லிஃப்டுக்கு மேலே தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போது போன் அடித்தால், எடுப்பதற்குள் நான் செத்துப் பிழைக்கிறேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா சார் என்று கேட்பவர்கள்தான். ஆனால் அன்றைக்கு டீச்சரம்மா கூப்பிட்டபோது, "உங்க அக்கா வண்டியில..." என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வருவதற்குள், "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பயத்தில்தான் உனக்கு அப்படி எழுதினேன், அந்தப் பயத்தில்தான் கத்தினேன்.

நீ இங்கே வந்து பிள்ளை வளர்க்க வேண்டும் என்று நான் நினைத்தது உண்மைதான். மறைக்கவில்லை. அதோடு நீ என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இத்துடன் வண்டியை உன் பெயருக்கு மாற்றும் காகிதங்களை வைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. உன் கையெழுத்துக்கு உரிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். இனிமேல் அது உன் வண்டி. ரிப்பேர் செய், ஓட்டு, இன்னும் பத்துத் துணி போட்டு மூடு, யாரும் கேட்கப் போவதில்லை. உன் வண்டியை நான் ஒன்றும் பிடுங்கிக்கொள்ளவில்லை என்று உன் பட்டறையில் இருந்த அத்தனை பேரிடமும் போய்ச் சொல்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

காகிதங்கள் கிடைத்தன. புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இரண்டு இடத்தில் தப்பாகப் புள்ளி வைத்திருந்தாய், அலுவலகத்தில் இருந்தவர் சரி செய்தார். எனக்கும் லைசென்ஸைத் தவிர வேறு ஒரு காகிதத்தில் பெயர் இருக்கிறது என்பதே புதிதாக இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன்.

மறுநாளே வண்டியை விற்றுவிட்டேன்.

உன் வியாபாரியிடம் இல்லை. அந்த ஆளுக்கு நான் ஓனராகத் தெரியவில்லை, அவர் எனக்கு வியாபாரியாகத் தெரியவில்லை. பட்டறைக்காரர் வேறு ஒருவரைக் கூட்டி வந்தார். உடம்பை அவர் எடுத்துக்கொண்டார், சீட்டுகளை ஒருவர், கியர்பாக்ஸை ஒருவர். போன வருஷம் மாற்றிய கியர்பாக்ஸ் அல்லவா, அதற்குப் போட்டியே நடந்தது. இன்ஜின் எடைக்குப் போயிற்று. வந்த பணத்தோடு என் சேமிப்பையும் போட்டு ஒரு சின்ன கார் வாங்கியிருக்கிறேன். பழையதுதான். கதவு அகலமாகத் திறக்கும், சக்கர நாற்காலியை மடித்து உள்ளே வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அழைத்துப் போக முடியும். அதனால் இன்னும் சீக்கிரமாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. அது முதல் நாளிலிருந்தே என் பெயரில் இருக்கிறது.

டீச்சரம்மா முதல் சவாரி வந்தார். ஏறி உட்கார்ந்ததும் மீட்டரைப் பார்த்தார். துணி இல்லை. "இனிமே நான் பார்த்துச் சொல்றேன், நீ கேளு" என்றார். சரி என்றேன். வழி நெடுகப் பெட்ரோல் எவ்வளவு, வேகம் எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் பிரஷர் ஏறிவிட்டது.

அக்கா


மே 8

அக்கா,

விற்றுவிட்டாயா?

இரண்டு மாதமாக நான் என்ன சொன்னேன்? விற்கலாம் என்றுதானே சொன்னேன்! அதற்குத்தானே என்னை ஆளில்லாத ஊருக்கு அனுப்புவது மாதிரி தள்ளி வைத்தாய், வியாபாரியை விரட்டினாய், நன்றாக இருந்த மனுஷனைப் பட்டறையில் கத்த வைத்தாய். பெயர் மாற்ற நான் இரண்டு நாள் லீவு போட்டு வரிசையில் நின்றேன். அதற்கு மறுநாளே நீ எடைக்குப் போட்டாயாம்! இதைப் படித்துக் காட்டியபோது இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள். எனக்கு ஒன்றும் சிரிப்பு வரவில்லை. விற்பதாக இருந்தால் இந்தச் சண்டை எதற்கு? ஒரு நியாயம் சொல்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

சொல்கிறேன்.

வண்டி பட்டறைக்குப் போன அன்று சாயங்காலமே பட்டறைக்காரர் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லம்மா, ஆசைப்பட்டா செலவுதான் ஆகும்" என்றார். எனக்கும் அது தெரியும். சரிவில் அது நின்ற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, விற்றுவிடலாம் என்று நானே முடிவுக்கு வந்தேன். முதுகும் விட்டுப்போன மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் தம்பி வீட்டில் போய் இருக்கலாம், பிரசவம் முடியும்வரை கூட இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன்.

"இன்ஜின் போயிடுச்சுடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "வித்துடறேன், நீ பேசாம இரு" என்றாய்.

"என்ன செய்யலாம் அக்கா?" என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வியாபாரியும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம், அந்த வாரமே பெட்டியோடு உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். நீ கேட்கவில்லை. அதற்கு அப்புறம் எழுதிய கடிதங்களிலும் கேட்கவில்லை. பட்டறையில் அத்தனை பேர் முன்னால் நின்றபோதும் கேட்கவில்லை. செத்துப்போன இன்ஜினை வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் சண்டை போட்டது அதற்காகத்தான்.

குழந்தை பிறந்ததும் எழுது. வந்து பார்க்கிறேன். அவளுக்கு உடம்பு தேறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முடிந்ததைச் செய்கிறேன். ஆனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன். திங்கட்கிழமை காலையில் எனக்குச் சவாரி இருக்கிறது.

அக்கா